மௌனம் யாருடையது?

ஃபிராங்க் லாபாக் என்னும் அமெரிக்கர் 1943ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ‘மௌனமான நூறு கோடியினர் பேசுகிறார்கள்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அவர் மறைந்த 1970ஆம் ஆண்டில் மற்றொரு நூல் வெளிவந்தது. அந்த மௌனமான நூறு கோடியினரோடு தாம் கழித்த நாற்பதாண்டுகளின் வரலாறு அது. அதன் பெயரிலும் அவர்களே இடம்பெற்றனர். முதியோருக்கு எழுத்தறிவு புகட்டும் பணிக்காக இவரளவு உலகைச் சுற்றி அலைந்தவர்கள் மிகச் சிலரே. சுமார் 300 மொழிகளில் எழுத்துப் பாடங்கள் தோன்ற இவரும் இவருடைய குழுவினரும் காரணமாயினர். கற்றவர் ஒவ்வொருவரும் மற்றொருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற முழக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றவரும் இவரே.

அத்தகைய தொண்டரின் நூற்பெயரில் குற்றம் காண முனைவது சிறுமை என்று சிலர் கருதக்கூடும். ஆயினும், ஒரு பணியைப் பற்றி எழுதப்படும் நூல்கள் அப்பணியைச் செய்வோரின் பார்வையை உருவாக்குகின்றன. எழுத்தறியாதவரை மௌனமானவர் என்று ஒரு தொண்டர் தம் மனத்தில் எழுதிக்கொண்டால், வகுப்பில் அவர் பேசுவார், கேட்கமாட்டார். கேட்கப்படாதவர் சில நாட்களில் வகுப்புக்கு வராமற் போவார். தொண்டரோ ‘இவர்களுக்கு ஆர்வமில்லை’ என்று அறிக்கை எழுதுவார். முதியோர் கல்விக்குத் தொண்டர் திரட்டும் நிறுவனங்கள் பலவற்றின் கதை இதுவேயாகும். எனவே அந்த ஒரு சொல்லின்மேல் சற்று நின்று ஆராய்வது வீண் வேலையன்று.

லாபாக் தமது பணியைத் தொடங்கிய இடமே அச்சொல்லை மறுக்கிறது என்பதுதான் இதிலுள்ள வியப்பு. பிலிப்பைன்ஸ் நாட்டின் தென்பகுதியாகிய மிண்டனாவோ தீவில் லானாவ் என்றொரு பெரிய ஏரி உண்டு. அதன் கரையில் வாழும் மரனாவ் மக்கள் முஸ்லிம்கள். அவர்களிடையே தரங்கென் என்னும் காவியம் வாய்மொழியாகவே வழங்கிவருகிறது. 17 பகுதிகள், 72,000 அடிகள் கொண்டது அது என்று ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டில் அதனை மனித குலத்தின் அரும்பெருஞ் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. இஸ்லாம் அங்கு வருவதற்கு முந்திய பழங்கதை அது. இஸ்லாத்தைத் தழுவிய பின்னரும் அம்மக்கள் அதனைக் கைவிடாமல் திருமண வீடுகளில் இரவிரவாகப் பாடிக் காத்துவந்தனர். லாபாக் அப்பாட்டைக் கேட்டறியாதவரல்லர். அதன் தலைவன் பந்துகனைப் பற்றிய ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவரும் அவரே. எழுபத்தீராயிரம் அடிகளை நெஞ்சிலே தாங்கிய மக்களோடு இருந்து பாட்டைக் கேட்டவர், பின்னாளில் தம் நூலுக்குப் பெயர் சூட்டும்போது ‘மௌனமானவர்’ என்றாரே, அது எவ்வாறு நேர்ந்தது? வாசிக்கப்போகும் அமெரிக்க நன்கொடையாளரை நோக்கி நூல் திரும்பியபோது சொல்லும் திரும்பிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. உள்ளூரில் கேட்ட குரல் தொலைவில் இருப்பவருக்கு மௌனமாகத்தானே இருக்கும்!

நிற்க. லாபாக் தம்மைப் பற்றி மறைவின்றி எழுதியவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் கிறிஸ்தவ சமயப் பணியாளராக அங்கே சென்றவர். 1902ஆம் ஆண்டில் பயாங் என்னுமிடத்தில் அமெரிக்கப் படைக்கும் மரனாவ் மக்களுக்கும் நடந்த கடும்போர் அவர்களின் நினைவிலிருந்து நீங்கியிருக்கவில்லை. போரிட்ட நாட்டிலிருந்து ஒருவர் வேதப் புத்தகத்தோடு வந்தால் எந்த வரவேற்புக் கிடைக்குமோ அதுவே 1930ஆம் ஆண்டில் டான்சாலான் நகரில் அவருக்கும் கிடைத்தது. (அந்நகரமே இன்றைய மராவி, 2017ஆம் ஆண்டில் நிகழ்ந்த முற்றுகையில் பெரும்பகுதி இடிந்து போனது.) யாரும் அவரை நெருங்கவில்லை. ஊருக்குப் பின்னுள்ள குன்றின்மேல் மாலைதோறும் தனியே அமர்ந்து வருந்திய அவருக்கு ஒரு நாள் உண்மை உறைத்தது. தாம் வெள்ளையர் என்பதனால் இம்மக்களைவிட உயர்ந்தவர் என்று தம் உள்ளம் கருதிக்கொண்டிருப்பதை அவர் கண்டுகொண்டார். குன்றிலிருந்து இறங்கியவர் அவ்வூர் மார்க்க அறிஞர்களிடம் சென்று, திருக்குர்ஆனைக் கற்க விரும்புவதாகத் தெரிவித்தார். மறுநாள் அவர்கள் ஆளுக்கொரு குர்ஆனோடு அவர் இல்லத்தில் வந்து கூடிவிட்டனராம்.

எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றிய நூல்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. முதல் வகுப்பில் மாணவராய் அமர்ந்தவர் லாபாக்; ஆசிரியர்களாய் வந்தவர்கள் மரனாவ் மக்கள். அதன் பிறகே மரனாவ் மொழிக்கு எளிய பாடமுறை பிறந்தது. பேச்சில் புழங்கும் சில திறவுச் சொற்களை எடுத்து, அவற்றை அசைகளாகப் பிரித்து, அந்த அசைகளைக் கொண்டே புதிய சொற்களைப் படிக்கச் செய்தார்கள். ஒலிக்கேற்ற எழுத்து என்பதால் ஒரே நாளில் படிக்கக் கற்றவர்களும் இருந்தார்கள் என்கிறார் லாபாக்.

பின்னர் அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. 1930களின் தொடக்கத்தில் சமயச் சங்கத்திலிருந்து வந்த பணம் குறைந்தது. சம்பள ஆசிரியர்களை வைத்திருக்க வழியில்லாமற் போயிற்று. பணியை நிறுத்த வேண்டியதுதான் என்று லாபாக் தலைவர்களிடம் எடுத்துரைத்தபோது, ககாய் தகலாங்கன் என்னும் தலைவர் எழுந்து, இது நிற்கக்கூடாது என்றார். படிக்கக் கற்றவன் எவனும் இன்னொருவனுக்குக் கற்பித்தாக வேண்டும், கற்பிக்காதவனைக் கொன்றுவிடுவேன் என்றும் சொன்னாராம். யாரும் கொல்லப்படவில்லை; எல்லாரும் கற்பித்தார்கள். உலகெங்கும் பரவிய அந்த முழக்கத்தின் பிறப்பை லாபாக் இவ்வாறே விவரிக்கிறார். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே அடிமைக் காலத்திலிருந்தே அத்தொடர் வழங்கியது என்று கூறுவோரும் உண்டு. தொடரின் உரிமை யாருடையதாயினும், லானாவில் அதனைச் சட்டமாக்கியவர் ஒரு முஸ்லிம் தலைவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

லாபாக்கும் அவருக்குப் பின்வந்தோரும் இந்நிகழ்ச்சியை நகைச்சுவையாகவே சொல்லிச் செல்கின்றனர். முரட்டுத் தலைவர் ஒருவரின் மிரட்டல், அவ்வளவே என்பது அவர்கள் எண்ணம். நான் அதனை அவ்வாறு படிக்கவில்லை. அத்தலைவரின் மிரட்டலுக்கு உள்ளே ஒரு தெளிவான கொள்கை இருக்கிறது: எழுத்து என்பது பெற்றுக்கொண்டவன் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். கடனாளிக்கும் கொடையாளிக்கும் எவ்வளவு வேறுபாடு! கொடையாளி விரும்பினால் கொடுப்பான். விரும்பாத நாளில் கையை மடக்கிக்கொள்வான். கொடுக்கும்போதெல்லாம் நன்றியையும் எதிர்பார்ப்பான். கடனாளிக்கு அந்த வசதியில்லை. பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் மீட்புப்பணம் செலுத்த இயலாதவர், மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறலாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விதித்த வரலாறு நம் வாசகர் அனைவரும் அறிந்ததே. அங்கும் ஆசிரியர் கடனாளி. மாணவரே கடன் கொடுத்தவர். லானாவுத் தலைவர் அதனை எண்ணித்தான் பேசினார் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டிலும் எழுத்து பிச்சையாகக் கருதப்படவில்லை என்பதே என் கருத்து.

லானாவுப் பணியில் மற்றொரு குறையும் உண்டு. லாபாக் வகுத்த பாடங்கள் உரோமன் எழுத்தில் அமைந்தவை. மரனாவ் மொழியை அரபு எழுத்தில் எழுதிப் படிக்கும் வழக்கமோ அதற்கு நெடுங்காலம் முன்னரே அங்கு இருந்தது. உரோமன் எழுத்தில் அச்சும் செய்தித்தாளும் எளிது என்பது உண்மையே. ஆனால் எழுத்தறிந்தோர், அறியாதோர் என்று பட்டியல் போடும்போது, அரபு எழுத்தில் தம் மொழியைப் படிக்கத் தெரிந்தவர் எந்தப் பக்கம் போய் விழுந்தார்? அரபுத்தமிழ் படித்த பாட்டிமார்களைப் பெற்ற நமக்கு இக்கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

இதில் நானே ஒரு பிழை செய்தவன். 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் மாவட்டம் மாவட்டமாகப் பரவிவந்த நாட்களில், எங்கள் கடற்கரையூரிலும் தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தோம். எங்கள் தெருக்கோடியில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பெரியம்மா ஒருவர் இருந்தார். ‘எழுதப் படிக்கத் தெரியுமா, பெரியம்மா?’ என்று கேட்டேன். ‘ஓதத் தெரியும் தம்பி, எழுதிப் பழக்கலே’ என்றார். எழுதவும் படிக்கவும் ஆகிய இரண்டும் தெரிந்தால்தான் எழுத்தறிந்தவர் என்பது நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வைத்திருக்கும் இலக்கணம். படிக்க மட்டும் தெரிந்தவருக்கு அதில் இடமில்லை. நான் ‘கல்லாதவர்’ என்ற பத்தியில் ஒரு கோடு போட்டேன். அன்றிரவே அவர் பெயர் வகுப்புப் பதிவேட்டிலும் ஏறியது.

அவர் பதினொரு நாட்கள் வந்தார். அரபுத்தமிழில் மாலைகளும் முனாஜாத்துகளும் நூற்றுக்கணக்கில் படித்த கண்களுக்குத் தமிழெழுத்து அறிமுகமாக அதற்குமேல் நாள் தேவைப்படவில்லை. பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார். நானும் ‘ஆர்வமின்மை’ என்றே குறித்துவைத்தேன். ஒரு மாதம் கழித்து வகுப்பிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் நின்றுபோனதாகத் தெரிந்து விசாரிக்கப் போனால், மூவரும் அசருக்குப் பின் அந்தப் பெரியம்மாவின் வீட்டுத் திண்ணையில் எங்கள் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு அவரிடமே படித்துக்கொண்டிருந்தனர். அன்று எனக்கு வந்தது மகிழ்ச்சியன்று, கோபம். எங்கள் வருகைக் கணக்கு குறைந்துபோயிற்றே என்ற கோபம். நாற்பதாண்டுகள் சம்பளமின்றிக் கற்பித்த ஓர் ஆசிரியையைத் தொண்டராகச் சேர்த்துக்கொள்ள எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. தொண்டர் என்றால் பத்தாவது வரையாவது படித்திருக்க வேண்டும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம்.

யாரைத் தொண்டராகச் சேர்ப்பது என்னும் வினாவுக்குச் சரியான விடை கண்டவர்களும் இருந்திருக்கின்றனர். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு என்று ஓர் ஊர். அங்கு வாழ்ந்த கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவுசெய்ய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக்காட்ட வேண்டும் என்ற தடை இருந்தது. ஈசா ஜென்கின்ஸ் என்னும் உள்ளூர்த் தலைவர் தம் பேருந்தில் வேலைக்குச் செல்வோருக்கு வழியிலேயே அதனைச் சொல்லிக்கொடுத்து வந்தார். அது போதவில்லை. செப்டிமா கிளார்க் என்னும் ஆசிரியை, கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராயிருந்ததற்காக 1956ஆம் ஆண்டில் பள்ளி வேலையை இழந்தவர், அவரோடு சேர்ந்தார். 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் இரவுப்பள்ளி தொடங்கியது. முன்னால் கடை, பின்னால் பள்ளி. வெள்ளையர் கண்ணில் படாதிருக்க அந்த ஏற்பாடு.

ஆசிரியராக யாரை அமர்த்தினர் என்பதே நமக்கு வேண்டுவது. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டாம் என்று திட்டமிட்டே முடிவுசெய்தனர். கற்றறிந்த ஆசிரியர், வளர்ந்த மனிதரைக் குழந்தையாக நடத்திவிடுவார் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. பெர்னிஸ் ராபின்சன் என்னும் பெண்மணியைத் தேர்ந்தனர். அவர் தொழில் முடி அழகு செய்வது. நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்தவர் பேசுவதைக் கேட்டுப் பழகிய காதுகள் அவருக்கு. அவர் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். குழந்தைகளுக்கான பாடப்புத்தகங்களை எடுத்துச் சென்றவர், முதல் வகுப்பிலேயே அவற்றை ஒதுக்கிவைத்தார். தாம் ஆசிரியர் அல்லர் என்றும், எல்லாரும் கூடிக் கற்போம் என்றும் சொல்லி, அவர்களுக்கு எது வேண்டும் என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், பணவிடைத் தாளை நிரப்ப வேண்டும், அஞ்சல்வழிக் கடைக்குப் பொருள் கேட்டு எழுத வேண்டும், சட்டத்தின் அந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்றார்கள். பாடத்திட்டம் அங்கேயே உருவாகிவிட்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தையும் சுவரில் ஒட்டி, இதனையும் படிக்கப்போகிறீர்கள் என்றார் ராபின்சன். அத்தீவில் தொடங்கிய பள்ளிகள் தென் மாநிலங்களெங்கும் பெருகின. 1961ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் அமைப்பு அப்பணியை ஏற்றுக்கொண்டது. எழுத்துச் சோதனையென்னும் அந்தத் தடையை நீக்கிய வாக்குரிமைச் சட்டம் 1965இல் வந்தது.

அதே நாட்டின் வடக்கில், சிரக்யூஸ் நகரில், வேறொரு முயற்சி அக்காலத்திலேயே தோன்றியது. தாம் வாழும் ஒனொண்டாகா மாவட்டத்தில் 11,000க்கும் மேற்பட்டோர் தேவைக்கேற்ற எழுத்தறிவின்றி இருக்கிறார்கள் என்ற செய்தியை 1961ஆம் ஆண்டில் நாளிதழில் படித்து அதிர்ந்தார் ரூத் கொல்வின் என்னும் இல்லத்தரசி. எழுத்தறியாமை தொலைநாடுகளின் நோய் என்று அதுவரை அவர் எண்ணியிருந்தார். 1962ஆம் ஆண்டில் தேவாலய மகளிரைத் தொண்டர்களாகத் திரட்டித் தம் வீட்டு அடித்தளத்தில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதுவே அமெரிக்காவெங்கும் கிளைவிட்டு, 2002ஆம் ஆண்டில் லாபாக் நிறுவிய அமைப்போடு இணைந்தது. இரண்டுக்கும் தலைமையிடம் அதே சிரக்யூஸ் நகரம் என்பது ஒரு சுவையான செய்தி. நாட்டின் உயர்ந்த குடிமகன் விருதை 2006இல் பெற்ற கொல்வின் அம்மையார், 2024 ஆகஸ்டில் தம் 107ஆம் வயதில் காலமானார்.

அம்மையாரின் தொண்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது என்று முதலிலேயே உணர்ந்தவர் அவர். தமக்குக் கற்பிக்கத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் வாசிப்புத்துறை வல்லுநரிடம் சென்று முறைகளைக் கேட்டறிந்தார். தொண்டராக வருபவர் 18 மணி நேரம் பயிற்சி பெற்ற பிறகே கற்பிக்கலாம் என்ற ஒழுங்கு அவருடைய சங்கத்தில் ஏற்பட்டது. ‘நேரமிருந்தால் வாருங்கள், யாரும் கற்பிக்கலாம்’ என்று ஆள்சேர்த்து, இரண்டாவது மாதத்தில் பாதிப்பேரை இழக்கும் நம்மூர்ச் சங்கங்கள் இதனைக் கற்க வேண்டும். அவர் கையாண்ட முறைகளுள் சிறந்தது எளிமையானது: கற்பவர் தம் வாழ்க்கையிலிருந்து எதையேனும் சொல்வார், தொண்டர் அதனை அவர் சொன்னவாறே எழுதுவார், அதுவே அன்றைய பாடம். மௌனமானவர் என்ற கருத்துக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு இல்லை. எழுதத் தெரியாதவரே அங்கு நூலாசிரியர்!

ஆயினும் லானாவின் கடன் சிரக்யூஸில் கொடையாகிவிட்டது என்று நான் குறைபட்டுக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அங்கே தொண்டர் எப்போதும் படித்தவர்களின் பக்கத்திலிருந்தே வந்தார். கற்பவரோ தம் பெயர் வெளியில் தெரியாமல் நூலக மூலையில் ஒருவரோடு ஒருவராக அமர்ந்து கற்றார். நாணத்தைக் காப்பதற்கான அந்த ஏற்பாடு இரக்கமுள்ளதுதான். ஆனால் அதன் விளைவு என்ன? கற்றவர் கற்றதும் மறைந்தே போகிறார். அவர் யாருக்கும் கற்பிப்பதில்லை. தாம் நேற்றுவரை எழுத்தறியாதவர் என்று சொல்ல வாய் வந்தால்தானே இன்று ஒருவருக்குக் கற்பிக்க முடியும்? ஜான்ஸ் தீவில் மறைக்கப்பட்டது பள்ளி. சிரக்யூஸில் மறைக்கப்பட்டவர் மாணவர். முன்னது பகைவருக்கு அஞ்சியது. பின்னது வெட்கத்துக்கு அஞ்சியது. முன்னதில் படித்து முடித்தவர்கள் பதிவு அலுவலகத்தின் வாயிலில் கூட்டமாகப் போய் நின்றார்கள். பின்னாளில் கற்பவர்களையே நிர்வாகக் குழுக்களில் அமர்த்தவும் மேடையேற்றவும் கொல்வினின் சங்கம் முற்பட்டது. குறையை அவர்களே உணர்ந்ததற்கு அது சான்று.

தொண்டர்களை மட்டும் நம்பி இப்பணியை விட்டுவிட முடியாது என்று ஜானதன் கோசோல் என்னும் எழுத்தாளர் ‘எழுத்தறியா அமெரிக்கா’ என்னும் தம் 1985ஆம் ஆண்டு நூலில் அரசைச் சாடினார். அவர் சொன்னதில் பெரும்பகுதி இன்றும் பொருந்துகிறது. 2023ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட பன்னாட்டு அளவீட்டின்படி, 16 முதல் 65 வயது வரையுள்ள அமெரிக்கர்களில் 28 விழுக்காட்டினர் வாசிப்புத் திறனில் முதற்படியிலோ அதற்கும் கீழேயோ இருக்கிறார்கள். அறுபதாண்டுத் தொண்டுக்குப் பிறகும் இந்த நிலை என்றால், தொண்டர் போதவில்லை என்பது ஒரு விடை. தொண்டரைத் தேடிய இடம் போதவில்லை என்பது நான் சேர்க்க விரும்பும் மற்றொரு விடை.

கோடை விடுமுறைதோறும் நம் ஊர்ச் சங்கங்களும் மஹல்லாக்களும் ‘கற்பிக்க முன்வாரீர்’ என்று துண்டறிக்கை வெளியிடுகின்றன. அவற்றில் கல்லூரி மாணவர்களும் ஓய்வு பெற்ற அலுவலர்களும் அழைக்கப்படுகிறார்கள். சென்ற ஆண்டின் வகுப்பில் படித்துத் தேறியவரின் பெயர் ஒன்றையேனும் அந்த அழைப்பில் நான் இதுவரை கண்டதில்லை. எங்கள் பழைய பதிவேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. தெருக்கோடிப் பெரியம்மாவின் பெயர் அதில் மாணவியரின் வரிசையிலேதான் இருக்கிறது. எதிரில் என் கையெழுத்தில் ‘ஆர்வமின்மை’.